மண்ணும் கட்டமைப்பும் உரசும் இடத்தில் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண் பரிசோதனை அறிக்கையில் ஃபை (மண்ணின் உராய்வுக் கோணம்) இருக்கிறது. இடைமுகத்துக்கு என்று தனியாக ஏதாவது வேண்டுமா?

வேண்டும். பைல் (தரைக்குள் ஆழமாக இறங்கும் அடித்தளத் தூண்), தாங்குசுவர், மண் ஆணி (மண்ணைப் பிடித்து நிறுத்த உள்ளே செருகும் கம்பி), சுரங்கத்தின் வெளிச்சுவர், குப்பைக் கிடங்கின் அடியில் விரிக்கும் ஜியோமெம்பிரேன் (நீர் கசியாத பிளாஸ்டிக் படலம்) என எதை எடுத்தாலும் கட்டமைப்பும் மண்ணும் ஒன்றையொன்று தொடும் பரப்பில்தான் விசை கைமாறுகிறது. அந்தப் பரப்பையும் அதை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணையும் சேர்த்துத்தான் இடைமுகம் என்கிறோம். மண்ணுக்குள்ளேயே ஒரு தளத்தில் சறுக்கல் நடந்தால் மணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு எதிர்க்கும், அந்த எதிர்ப்பைச் சொல்லும் கோணம் ஃபை. வழவழப்பான எஃகின் மேல் அதே மணிகள் சறுக்கினால் கோத்துக்கொள்ள எதிர்ப்பக்கத்தில் பிடிமானம் இல்லை, கிடைக்கும் கோணம் குறைந்துவிடும், அது டெல்டா. சறுக்கல் எப்போதும் எளிதான பாதையைத்தான் எடுக்கும். அதனால் பரப்பை எவ்வளவு சொரசொரப்பாக ஆக்கினாலும் டெல்டா ஃபையைத் தாண்டிப் போகாது, மண் தனக்குள்ளேயே உடைந்துவிடும்.

கணக்கு எளிது. பரப்பைச் செங்குத்தாக அழுத்தும் பயனுறு தகைவை (மொத்த அழுத்தத்தில் துளை நீரழுத்தம் போக மிஞ்சுவது) டான் டெல்டாவால் பெருக்கினால், அந்தப் பரப்பு எதிர்க்கக்கூடிய வெட்டுத் தகைவு (பரப்பின் நெடுக இழுக்கும் தகைவு) வந்துவிடும். இதில் டெல்டா எவ்வளவு என்றுதான் எல்லோரும் வாதாடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் மற்ற பாதியில் நடக்கின்றன என்பது என் கருத்து: சறுக்கல் தொடங்கியதும் அழுத்தும் தகைவே மாறிவிடுகிறது, அதை மறந்துவிடுகிறோம். கீழே உள்ள பல கேள்விகளுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

டெல்டா என்றால் ஃபையில் மூன்றில் இரண்டு, சரிதானே?

தொடக்கக் கணக்குக்குப் போடலாம், ஆனால் எந்த ஃபை, எந்தப் பரப்பு என்று கேட்காமல் போடக் கூடாது. 1961-ல் பொட்டியாண்டி என்ற ஆய்வாளர் வெளியிட்ட சோதனைகளில் செறிவான உலர் மணலுக்கு டெல்டாவுக்கும் ஃபைக்கும் உள்ள விகிதம் வழவழப்பான எஃகில் 0.54, துருப்பிடித்த எஃகில் 0.76, மண்ணின் மேலேயே வார்த்த சொரசொரப்பான கான்கிரீட்டில் 0.98 என்று வந்தது. ஒரே மணலுக்குப் பாதியிலிருந்து முழுசு வரை இவ்வளவு வேறுபாடு. அமெரிக்கக் கடற்படையின் பழைய வடிவமைப்புக் கையேடு எஃகு ஷீட் பைலுக்கும் (சுவர் போல வரிசையாக அடித்து இறக்கும் தகடு) சுத்தமான மணலுக்கும் 17 டிகிரி, வண்டல் கலந்த மணலுக்கு 14 டிகிரி என்கிறது. மணலின் ஃபை 34 என்றால் 17 என்பது பாதிதான்.

மண் சார்ந்த வடிவமைப்புக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பான யூரோகோடு 7 இதைக் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்கிறது: மண்ணை ஒட்டி வார்த்த கான்கிரீட்டுக்கு காரணி 1 வரை எடுக்கலாம், முன்வார்ப்புக் கான்கிரீட்டுக்கும் ஷீட் பைலுக்கும் மூன்றில் இரண்டு. ஆனால் அந்தக் காரணியைப் பெருக்க வேண்டியது மண்ணின் உச்ச ஃபையோடு அல்ல, மண் விரிவதும் சுருங்குவதும் நின்று கன அளவு மாறாத நிலையில் கிடைக்கும் ஃபையோடு. உச்ச மதிப்பை எடுத்து மூன்றில் இரண்டு போடுகிறவர்கள் நிறைய, தட்டையான பரப்பில் அந்த உச்சம் பல நேரம் வருவதே இல்லை.

சொரசொரப்பு என்பதைக் கையால் தடவிப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா?

முடியாது. விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரிவது பெரிய மணலுக்கு வழவழப்பாக இருக்கலாம். 1980-களில் உவெசுகி, கிஷிடா என்ற ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். மணியின் சராசரி விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்குப் பரப்பின் மேடு பள்ளத்தை அளந்து, அதில் வரும் மிகப் பெரிய உயர வேறுபாட்டை அந்த விட்டத்தாலேயே வகுத்துக்கொண்டார்கள். இந்த விகிதம்தான் உண்மையான சொரசொரப்பு. உதாரணமாக, எஃகின் மேடு பள்ளம் 20 மைக்ரான் என்று வையுங்கள். 0.2 மில்லிமீட்டர் மணலுக்கு விகிதம் 0.1. 2 மில்லிமீட்டர் மணலுக்கும் அதே 20 மைக்ரான்தான் என்றால் விகிதம் 0.01 மட்டுமே. நுண்மணலுக்கு நல்ல பிடிமானமாக இருக்கும் தகடு பெருமணலுக்குக் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது.

விகிதம் கூடக் கூட டெல்டா ஏறும், ஓர் எல்லைக்குப் பிறகு நின்றுவிடும். அந்த எல்லைக்குக் கீழே மணிகள் பரப்பின் மேல் வழுக்கிப் போகின்றன, சுற்றியுள்ள மண்ணில் அசைவே இருக்காது. எல்லைக்கு மேலே பரப்பு மணிகளைப் பிடித்துக்கொள்கிறது, சறுக்கல் மண்ணுக்குள் நகர்ந்து மணி விட்டத்தைப் போல ஏறத்தாழ 5 முதல் 10 மடங்கு தடிமனில் ஒரு வெட்டுப் பட்டையாக உருவாகிறது. இந்தப் பட்டையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

இன்னொன்று, மிக நீண்ட தூரம் சறுக்கும்போது மணிகள் நொறுங்குகின்றன, எஃகிலும் கீறல் விழுகிறது. அடித்து இறக்கும் பைலில் இப்படித்தான். அப்போது தொடக்கத்தில் இருந்த மணி அளவின் தாக்கம் பெரிதும் மங்கிவிடுகிறது.

உச்ச மதிப்பா, கடைசி மதிப்பா, எதை எடுப்பது?

வழவழப்பான பரப்பில் இந்தக் கேள்விக்கு இடமே குறைவு, சறுக்கச் சறுக்க எதிர்ப்பைக் காட்டும் வரைபடம் ஏறிச் சமமாகிவிடும். சொரசொரப்பான பரப்பில் செறிவான மணல் விரிந்துகொண்டே உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். நீளமான பைலிலும் ஜியோமெம்பிரேன் சரிவிலும் பரப்பு முழுக்க ஒரே நேரத்தில் உச்சம் கிடைக்காது. மேல்பகுதி உச்சத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டிருக்கும்போது கீழ்ப்பகுதி அதைத் தொட்டிருக்கவே மாட்டாது. உச்சத்தை மொத்தப் பரப்பாலும் பெருக்குவது இல்லாத வலிமையைக் கணக்கில் எழுதுவது. அசைவு பெரிதாக வரக்கூடிய இடமென்றால் கடைசி மதிப்புதான் என் தேர்வு.

உராய்வு முழுதாகத் திரள எவ்வளவு அசைவு தேவை?

கொஞ்சம்தான். சாதாரண பைலில் தோல் உராய்வுக்கு (பைலின் பக்கப் பரப்பில் கிடைக்கும் உராய்வு) சில மில்லிமீட்டர் போதும். நுனித் தாங்குதிறன் முழுதாக வர விட்டத்தில் 10 சதவீதம் அளவுக்குக் கூட இறங்க வேண்டியிருக்கும். வேலைச் சுமையில் பெரும்பங்கைத் தோலே சுமப்பது இதனால்தான்.

ஆய்வகத்தில் எந்தச் சோதனை செய்யச் சொல்ல வேண்டும்?

பெரும்பாலும் கிடைப்பது நேரடி வெட்டுப் பெட்டி. கீழ்ப்பாதியில் எஃகோ கான்கிரீட்டோ வைத்து மேல்பாதியில் மண்ணை நிரப்பி நகர்த்துவார்கள். கீழ்த் தகடு பெட்டியைவிட நீளமாக இருந்தால் தொடும் பரப்பு குறையாமல் இருக்கும், இதைக் கேட்டு வாங்குங்கள். அதன் குறை என்னவென்றால் மண்ணின் உருக்குலைவையும் பரப்பில் நடந்த சறுக்கலையும் பிரித்துக் காட்டாது. வளையங்களை அடுக்கிய எளிய வெட்டுக் கருவியில் இரண்டையும் தனித்தனியாக அளக்கலாம். நீண்ட தூரச் சறுக்கலுக்கு வளைய வெட்டுக் கருவிதான் சரி, அதில் சுற்றிக்கொண்டே இருக்கலாம், எல்லை கிடையாது. ஜியோசிந்தெடிக் பொருள்களுக்கு (மண்ணோடு சேர்த்துப் பயன்படுத்தும் செயற்கைப் படலம், துணி, வலை) ஏஎஸ்டிஎம் டி5321 என்ற தரநிலை முறை, 300 மில்லிமீட்டர் சதுரப் பெட்டி. 60 மில்லிமீட்டர் பெட்டியில் ஜியோகிரிட்டை (பெரிய கண்ணிகள் கொண்ட வலை) சோதித்து அனுப்பிய அறிக்கையை நான் ஏற்க மாட்டேன், கண்ணிகளில் ஒரு சிலதான் அதில் முழுதாக அடங்கும்.

பரப்பு விஷயத்தில் ஒரு வேண்டுகோள். களத்தில் மண்ணை ஒட்டி வார்க்கப் போகும் கான்கிரீட்டுக்கு ஆய்வகத்திலும் மண்ணின் மேலேயே சாந்து ஊற்றி இறுகவிட்டுச் சோதியுங்கள். எஃகு அச்சில் வார்த்த வழவழப்பான கட்டியை வைத்து எடுத்த டெல்டா வேறொரு பரப்பின் டெல்டா.

நிலைத்த செங்குத்து விறைப்புச் சோதனை என்கிறார்களே, அது எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வழக்கமான வெட்டுப் பெட்டியில் மேலே ஒரு எடையைத் தொங்கவிடுகிறோம். மண் விரிந்தால் எடை மேலே எழும்பும், சுருங்கினால் கீழே இறங்கும், அழுத்தும் தகைவு மட்டும் மாறாது. பைலின் பக்கத்தில் அப்படி இல்லை. முன்பு சொன்ன அந்த மெல்லிய வெட்டுப் பட்டை விரிய முயன்றால் சுற்றிலும் இருக்கும் மண் அதைத் திருப்பி அமுக்கும், அழுத்தும் தகைவு ஏறும். பட்டை சுருங்கினால் சுற்றியுள்ள மண் முழுதாகப் பின்தொடராது, வளைந்து தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும், அழுத்தும் தகைவு விழும். சுற்றியுள்ள மண் ஒரு ஸ்பிரிங் போல நடந்துகொள்கிறது. உருளைத் துளை விரிவுக் கணக்கிலிருந்து அந்த ஸ்பிரிங்கின் விறைப்பு கிடைக்கிறது: மண்ணின் வெட்டுக் குணகத்தை (வெட்டு விசைக்கு மண் காட்டும் விறைப்பு) 4-ஆல் பெருக்கி பைல் விட்டத்தால் வகுக்க வேண்டும். 1980-களில் பூலோன், ஃபோரே என்ற ஆய்வாளர்கள் இந்த ஸ்பிரிங்கை வெட்டுப் பெட்டிக்குள்ளேயே கொண்டுவந்தார்கள்.

எண்ணில் பார்ப்போம். வெட்டுக் குணகம் 40 மெகாபாஸ்கல், பட்டை விரிவது வெறும் 0.02 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பைல் விட்டம் 0.5 மீட்டர் என்றால் கூடும் தகைவு 6.4 கிலோபாஸ்கல், கண்டுகொள்ளாமல் விடலாம். விட்டம் 50 மில்லிமீட்டர் என்றால் அதே விரிவுக்கு 64 கிலோபாஸ்கல். பத்து மடங்கு. மண் ஆணியும் மைக்ரோபைலும் (விட்டம் மிகக் குறைந்த பைல்) ஆழம் குறைவான இடத்தில்கூட வியக்கும்படியான இழுவிசையைத் தாங்குவதற்கு இது முக்கியக் காரணம். ஆய்வகத்தில் சிறிய மாதிரிப் பைலில் அளந்த தோல் உராய்வை அப்படியே பெரிய பைலுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம், டெல்டா இரண்டிலும் ஒன்றுதான், அழுத்தும் தகைவு ஒன்றல்ல.

பைலை அடிக்க அடிக்க மேல்பகுதியின் உராய்வு குறைகிறதாமே?

ஆமாம், உராய்வுக் களைப்பு என்று இதைச் சொல்லலாம். ஒரே ஆழத்தில் இருக்கும் மணலை முதலில் பைலின் நுனி கடந்து போகிறது, அப்போது அழுத்தம் மிக அதிகம். அதன் பிறகு ஒவ்வோர் அடிக்கும் பைல் தண்டு அந்த மணலை மேலும் கீழுமாக உரசுகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் வெட்டுப் பட்டை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி இறுகுகிறது, நொறுங்கிய துகள்கள் இடுக்குகளில் புகுந்து அடைகின்றன, ஸ்பிரிங் தளர்கிறது, அழுத்தும் தகைவு இறங்கிக்கொண்டே போகிறது. டெல்டா அப்படியே இருக்கும்போதே உராய்வு விழுவது இப்படித்தான். நவீன முறைகள் தோல் உராய்வை ஆழத்தோடு மட்டும் சேர்க்காமல் நுனியிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதோடும் சேர்த்துக் கணக்கிடுவது இதற்காகத்தான். அலையும் காற்றும் மாறி மாறி இழுக்கும் கடல்சார் பைல்களில், கட்டி முடித்த பிறகும் இந்தச் சுருக்கம் தொடரலாம்.

இதன் கடுமையான வடிவம் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடல் மணலில் தெரிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலடித் திட்டில் நார்த் ராங்கின் ஏ எரிவாயு மேடைக்கு 1980-களின் தொடக்கத்தில் பைல் இறக்கியபோது, வடிவமைப்பில் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த எதிர்ப்போடு பைல்கள் இறங்கின, பிறகு பெரிய அளவில் பலப்படுத்தும் வேலை தேவைப்பட்டது. கிளிஞ்சல் துணுக்குகளால் ஆன அந்த மணலின் உராய்வுக் கோணம் ஒன்றும் குறைவில்லை, வெட்டுப் பெட்டியில் வைத்தால் நல்ல எண்தான் வரும். ஆனால் மணிகள் எளிதில் நொறுங்கிச் சுருங்குவதால் பைலின் பக்கத்தில் அழுத்தும் தகைவு கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடுகிறது. டெல்டாவை மட்டும் பார்த்து முடிவெடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

களிமண்ணில் ஆல்ஃபா முறையா, பீட்டா முறையா?

ஆல்ஃபா முறையில் களிமண்ணின் நீர்வடியா வலிமையை (நீர் வெளியேற நேரம் கிடைக்காத நிலையில் உள்ள வலிமை) ஒரு காரணியால் பெருக்குகிறோம். லண்டன் களிமண்ணில் துளைத்து வார்த்த பைல்களுக்கு 0.45 என்று மண் பொறியியல் அறிஞர் ஸ்கெம்ப்டன் 1959-ல் கொடுத்தது இன்றும் பேசப்படுகிறது. அது அந்தக் களிமண்ணுக்கும் அந்தக் கட்டுமான முறைக்கும் கிடைத்த அனுபவ எண், எல்லா ஊர்க் களிமண்ணுக்கும் பொருத்துவதற்கான மாறிலி அல்ல. பீட்டா முறை பயனுறு தகைவில் தொடங்குகிறது, பக்கவாட்டு அழுத்தக் கெழுவையும் (செங்குத்துத் தகைவில் பக்கவாட்டில் வரும் பங்கு) டான் டெல்டாவையும் பெருக்குகிறது, நடப்பதை நேரடியாகச் சொல்கிறது. கையில் துளை நீரழுத்தத் தகவல் இருந்தால் பீட்டாவைத்தான் நான் நம்புவேன், இரண்டையும் போட்டு ஒப்பிடுவது இன்னும் நல்லது.

அடித்து இறக்கிய பைலைச் சுற்றி முதலில் துளை நீரழுத்தம் எகிறும், அது வடிய வடியப் பயனுறு தகைவு கூடி உராய்வு வளரும். நாள்கணக்கிலும் சில களிமண்ணில் மாதக்கணக்கிலும் இது நீளும், எனவே அடித்த மறுநாள் செய்த சுமைச் சோதனையைக் கடைசி எண்ணாக எடுக்காதீர்கள்.

களிமண்ணில் எஞ்சிய வலிமை (நீண்ட தூரம் சறுக்கிய பிறகு மிஞ்சும் வலிமை) என்கிறார்களே, இடைமுகத்திலும் அது உண்டா?

உண்டு, சொல்லப்போனால் இன்னும் சீக்கிரம் வரும். தட்டையான களித்துகள்கள் சறுக்கும் திசையில் படுத்து வரிசையாகிவிட்டால் பரப்பு மெருகேறி வழுக்கத் தொடங்கும். மண்ணுக்குள் இது நடக்க நிறைய தூரம் சறுக்க வேண்டும், வழவழப்பான எஃகின் மேல் குறைந்த தூரத்திலேயே நடந்துவிடும். களித்துகள் பங்கு பாதிக்கு மேல் போனால் இந்த விளைவு பலமாகத் தெரியும், கால்பங்குக்கும் குறைவாக இருந்தால் உருண்டை மணிகள் குறுக்கே நின்று துகள்களை வரிசையாக விடாது. அடித்த பைல் இறங்கும்போதே மண்ணோடு மீட்டர் கணக்கில் உரசி முடித்துவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சுமை வருவதற்கு முன்பே உச்சம் செலவாகியிருக்கலாம்.

மணல் நனைந்தால் வழுக்குமா?

குவார்ட்ஸ் மணலில் தண்ணீர் எண்ணெய் போல வேலை செய்வதில்லை, டெல்டா பெரிதாக மாறாது. விழுவது பயனுறு தகைவு. அதைக் கணக்கில் ஏற்கெனவே கழித்துவிட்டீர்கள் என்றால் டெல்டாவையும் குறைத்து இரண்டு முறை தண்டிக்க வேண்டாம். நேர்மாறாக, முழுதாக நனையாத மண்ணில் உறிஞ்சழுத்தம் (மணிகளுக்கு நடுவே நிற்கும் நீர் அவற்றை உள்ளிழுப்பது) தரும் கூடுதல் பிடிப்பை நிரந்தரம் என்று நம்பவும் வேண்டாம், ஒரு நல்ல மழையில் அது போய்விடும்.

துளைத்து வார்க்கும் பைலில் பெண்டோனைட் கெடுதல் செய்யுமா?

பெண்டோனைட் என்பது துளை இடிந்து விழாமல் இருக்க அதில் நிரப்பும் களிக்குழம்பு. துளைச் சுவரில் படியும் அதன் மண்டியைத் தடிமனாக ஏறவிட்டால் செய்யும். துளையை வெட்டி முடித்துக் கான்கிரீட் ஊற்றாமல் நேரம் கடத்தினால் மண்டி தடிக்கும், கான்கிரீட் ஏறி வரும்போது அதை முழுதாகச் சுரண்டி எடுக்காது, சொரசொரப்பான சுவருக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மென்மையான ஒரு களிப்படலம் நின்றுவிடும். டெல்டா என்பது வரைபடத்தில் எழுதிய எண்ணைவிட வேலை நடந்த விதத்தைப் பொறுத்தது என்பது இங்கே அப்பட்டமாகத் தெரியும். வெட்டி முடித்த நேரமும் கான்கிரீட் தொடங்கிய நேரமும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

ஜியோமெம்பிரேன் இடைமுகம் இவ்வளவு பயப்பட வேண்டியதா?

ஆம். கலிஃபோர்னியாவின் கெட்டில்மேன் ஹில்ஸ் நச்சுக்கழிவுக் கிடங்கில் 1988 மார்ச் 19 அன்று கழிவுக் குவியல் அடித்தளப் படலத்தின் மேல் சறுக்கி, பக்கவாட்டில் ஏறத்தாழ 11 மீட்டர் வரை நகர்ந்தது. அடியில் இருந்தது வழவழப்பான ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் படலம், ஜியோடெக்ஸ்டைல் (செயற்கை இழைத் துணி), ஈரமான இறுக்கப்பட்ட களிமண் என்று பல அடுக்குகள். ஒவ்வோர் இரண்டு அடுக்குக்கும் நடுவே ஓர் இடைமுகம், அவற்றில் மிகப் பலவீனமானதன் உராய்வுக் கோணம் 8, 9 டிகிரி அளவில்தான் இருந்தது. கழிவின் வலிமையும் களிமண்ணின் வலிமையும் அங்கே உதவவில்லை. இப்படிப்பட்ட அடுக்குகளில் எல்லா இடைமுகத்தையும் சோதிக்க வேண்டும், சராசரி எடுக்கக் கூடாது, மிகக் குறைந்ததுதான் கணக்கை ஆளும். சொரசொரப்பு ஏற்றிய படலம் போட்டால் அந்த இடைமுகம் பலப்படும், ஆனால் பலவீனம் பக்கத்து அடுக்குக்கு நகர்ந்திருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

தாங்குசுவரில் டெல்டா எவ்வளவு முக்கியம்?

செயலுறு பக்கத்தில் (மண் சுவரைத் தள்ளும் பக்கம்) கொஞ்சம், எதிர்ப்புப் பக்கத்தில் (சுவர் மண்ணைத் தள்ளும் பக்கம்) மிக அதிகம். ஃபை 30, செங்குத்துச் சுவர், சமதள மண் என்று வைத்தால் டெல்டா பூஜ்யத்திலிருந்து 20-க்கு ஏறும்போது கூலம்பின் கணக்கு முறைப்படி செயலுறு கெழு (மண் அழுத்தத்தைத் தரும் பெருக்கு எண்) 0.33-லிருந்து 0.30-க்கு இறங்கும், அவ்வளவுதான். எதிர்ப்புக் கெழுவோ 3-லிருந்து 6.1-க்குத் தாவும். இந்த 6.1 மிகை. கூலம்ப் நேர்த்தளத்தில் உடையும் என்று எடுத்துக்கொள்கிறார், உண்மையில் உடைவுப் பரப்பு வளைந்திருக்கும், வளைவோடு கணக்கிட்டால் 5-க்குச் சற்று மேல்தான் வரும். அப்புறம், டெல்டா திரள வேண்டுமானால் சுவர் மேலும் கீழும் நகராமல் செங்குத்து விசையைத் தாங்க வேண்டும். லேசான நங்கூரப் பலகை மண்ணோடு சேர்ந்தே மேலே எழும்பினால் உரசல் ஏது?

மென்பொருளில் ஆர் இன்டர் 0.67 போடுகிறேன். சரியா?

டெல்டா ஃபையில் மூன்றில் இரண்டு என்பதும் ஆர் இன்டர் மூன்றில் இரண்டு என்பதும் ஒன்றல்ல. மண் கணக்கீட்டு மென்பொருளான பிளாக்சிஸில் ஆர் இன்டர் என்பது இடைமுக வலிமைக்கான காரணி, அது டான் மதிப்புகளின் விகிதம். ஃபை 30, டெல்டா 20 என்றால் 0.63 வரும். சிறிய வேறுபாடுதான், ஆனால் அதே காரணி ஒட்டுவலிமையையும் (மண் துகள்கள் ஒட்டிக்கொள்வதால் வரும் வலிமை) குறைக்கிறது என்பதையும், 1-க்குக் குறைவாகப் போட்டால் இடைமுகத்தின் விரிவுக் கோணம் (சறுக்கும்போது மண் எவ்வளவு விரியும் என்பதன் அளவு) பூஜ்யமாகிவிடும் என்பதையும் தெரிந்து போடுங்கள். சொரசொரப்பான மண் ஆணியை இப்படி மாதிரியிட்டால் மேலே சொன்ன ஸ்பிரிங் விளைவு முழுக்கக் காணாமல் போய்விடும், இழுவிசைச் சோதனை ஒன்றோடு ஒப்பிடாமல் அந்த விடையை நம்ப வேண்டாம்.

எதிர்மறைத் தோல் உராய்வைக் குறைக்க முடியுமா?

சுற்றியுள்ள மண் பைலைவிட அதிகமாக அமுங்கினால் உராய்வு திசை மாறிப் பைலைக் கீழே இழுக்கும், அதற்கும் சில மில்லிமீட்டர் அசைவே போதும். அமுங்கும் அடுக்கில் மட்டும் பைலுக்குப் பிட்டுமின் (தார் போன்ற பொருள்) பூசினால் இழுவை நன்றாகக் குறையும். பிட்டுமின் மெதுவான நகர்வுக்கு வழிவிடும், வேகமான அடிக்கு விறைத்து நிற்கும். ஆனால் சரளையும் கரடான மணலும் உள்ள மேலடுக்கின் வழியாகப் பைலை அடித்து இறக்கினால் பூச்சு உரிந்துவிடும், அங்கே முதலில் துளையிட்டோ உறைக்குழாய் வைத்தோதான் இறக்க வேண்டும். பூச்சு தாங்கும் அடுக்கிலும் இறங்கிவிட்டால் உங்களுக்கு வேண்டிய உராய்வையும் சேர்த்து அழித்துவிடுவீர்கள், பூச வேண்டிய நீளத்தை வரைபடத்தில் மட்டம் போட்டு எழுதிக் கொடுங்கள்.